சிறு தொழில்நுட்ப நிறுவனம்: எந்த இழப்புக்கு எந்தக் காப்பீடு

திண்டுக்கல் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் ‘கம்ப்யூட்டர் கம்பெனி’ என்ற ஒரே பெயரால் அழைக்கப்படும் தொழில்கள் பலவகை. ஒட்டன்சத்திரம் மண்டிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் நிறுவனம், வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் சம்பளக் கணக்கைப் பராமரிக்கும் நிறுவனம், மடிக்கணினி விற்றுப் பழுதும் பார்க்கும் கடை, கேமரா பொருத்தும் குழு, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இணையதளம் கட்டித் தரும் நான்கைந்து இளைஞர்களின் அலுவலகம் என எல்லாமே அந்தப் பெயருக்குள் அடங்கிவிடும். காப்பீட்டைப் பொறுத்தவரை இவை ஒன்றல்ல. கடைக்கு ஆபத்து சரக்கில் இருக்கிறது. கேமரா குழுவுக்கு ஏணியில் இருக்கிறது. மென்பொருள் நிறுவனத்துக்கோ அது எழுதிக் கொடுத்த நிரலிலும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும் இருக்கிறது. நிறுவனத்தின் பணம் எந்த வழியில் போகக்கூடும் என்று பார்த்த பிறகுதான் எந்தப் பாலிசி வேண்டும் என்பது தெரியவரும்.

இவர்கள் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லும் காப்பீடுகள் மிகக் குறைவு. வண்டி இருந்தால் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பத்துப் பேர் அல்லது அதற்குமேல் வேலை பார்த்தால் இ.எஸ்.ஐ. வரும். மற்றவை நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தவை. அதனால் பல நிறுவனங்களில் இருக்கும் ஒரே பாலிசி, கடன் கொடுத்த வங்கி, நிறுவனத்தின் கணக்கிலிருந்து பிரீமியத்தைப் பிடித்துத் தானே எடுத்துவிட்ட தீ பாலிசிதான். அது கடன் தொகைக்கு எடுக்கப்பட்டிருக்கும். சொத்தின் மதிப்புக்கு அல்ல. பாலிசி தாள் வங்கிக் கோப்பில் கிடக்கும். கதவு எண்ணோ தளமோ தவறாக இருந்தாலும் உரிமையாளர் கண்ணில் படாது. பிரீமியம் பிடிக்கப்பட்ட வரி பாஸ்புக்கில் இருக்கிறது என்பதோடு திருப்தி அடையாமல், அந்தப் பாலிசியின் நகலை வங்கியிடம் கேட்டு வாங்கி முகவரி, காப்பீட்டுத் தொகை, முடிவுத் தேதி மூன்றையும் சரிபார்ப்பதே இந்த அத்தியாயம் சொல்லும் முதல் வேலை.

தீ பாலிசியும் அதன் அளவும்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சிறு தொழில்களுக்கென 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பாலிசி ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’. ஓர் இடத்தில் உள்ள கட்டடம், கருவி, தளவாடம், சரக்கு எல்லாம் சேர்த்து 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத நிறுவனத்துக்கு இது பொருந்தும். அதற்குமேல் 50 கோடி வரை உள்ளவற்றுக்கு ‘பாரத் லகு உத்யம் சுரக்ஷா’. திண்டுக்கல்லின் சிறு தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு முதல் பாலிசியே போதும். எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களிலும் இதன் அடிப்படை வாசகம் ஒன்றுதான் என்பதால், ஒரு நிறுவனத்தின் தாளைப் படித்துப் புரிந்துகொண்டால் மற்றதும் புரியும்.

தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, வாகனம் மோதுதல், கலவரம், வேலைநிறுத்தச் சேதம், பயங்கரவாதச் செயல், தண்ணீர்த் தொட்டி உடைதல் ஆகியவை இதில் உள்ளடங்கியவை. முன்பு வெள்ளத்தையும் புயலையும் வேண்டாம் என்று விலக்கிப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. மழை குறைந்த சமவெளியில் அது சிக்கனமாகவே பட்டது. வடகிழக்குப் பருவத்தில் ஒரே இரவில் கொட்டும் மழைக்கு, தரைக்குக் கீழே சர்வர் வைத்திருப்பவர் கொடுக்கும் விலை அந்தச் சிக்கனத்தைவிடப் பல மடங்கு. இந்தப் பாலிசியில் அவை சேர்ந்தே வருவது நல்ல மாற்றம்.

காப்பீட்டுத் தொகையைக் குறைத்துப் போடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. அலுவலகத்தில் உண்மையில் 40 லட்சம் ரூபாய்ப் பொருள் இருக்க, 30 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தால் கால் பங்குக் குறை. 8 லட்சம் ரூபாய்க்குச் சேதம் ஏற்பட்டால் காப்பீட்டு நிறுவனமும் கால் பங்கைக் கழித்து 6 லட்சம்தான் தரும். மொத்தச் சேதம் 30 லட்சத்துக்குள்தானே, முழுவதும் கிடைக்கும் என்று நினைப்பது தவறு. பாரத் சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறையைப் பொருட்படுத்துவதில்லை. அதே அலுவலகம் 35 லட்சத்துக்கு எடுத்திருந்தால் குறை பன்னிரண்டரை சதவீதம்தான். 8 லட்சமும் கணக்கில் வரும். கணினிகளின் இன்றைய புது விலையை ஆண்டுக்கு ஒருமுறை எழுதிக் கூட்டிப் பார்ப்பதற்கு ஒரு மாலை நேரம் போதும். அந்த வேலையை ஏஜென்ட் செய்வார் என்று விடக் கூடாது.

இடம் மாறினால் உடனே எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் திருத்தம் (எண்டார்ஸ்மென்ட்) வாங்க வேண்டும். பாலிசி ஆளைத் தொடர்ந்து வருவதில்லை, இடத்தைத்தான் காக்கிறது. மாடியிலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்குப் போனாலும் இதே விதி. பணியாளர்கள் வீட்டுக்கு எடுத்துச்சென்ற மடிக்கணினிகளும் இப்படித்தான் பாலிசிக்கு வெளியே போய்விடுகின்றன. சின்னாளபட்டியில் ஒருவரும் நத்தத்தில் ஒருவரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் அந்தக் கருவிகளுக்கு இடத்தோடு கட்டுப்படாத தனிக் காப்பீடு தேவை.

மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் கணினி

தீ பாலிசி இருப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. மின்கசிவு, மின்னழுத்த ஏற்றம், குறுக்குமின் சுற்று ஆகியவற்றால் ஒரு மின்னணுக் கருவி தானே கருகிப்போனால், அந்தக் கருவிக்குத் தீ பாலிசி பணம் தராது. மின்னல் காரணமாக அப்படி ஆனாலும் அந்தக் கருவிக்கு இல்லை என்றே விலக்கு வாசகம் சொல்கிறது. அந்தக் கருவியிலிருந்து தீ பரவிப் பக்கத்து மேசையும் கணினியும் எரிந்தால் அவற்றுக்கு உண்டு.

சித்திரை, வைகாசிக் கோடை இடி திண்டுக்கல் சமவெளிக்குப் பழக்கமானது. ஒரு மாலை இடியில் வெளிக் கேபிள் வழியாக மின்னழுத்தம் பாய்ந்து நெட்வொர்க் ஸ்விட்ச், கேமரா பதிவுக் கருவி, இரண்டு கணினிகளின் மதர்போர்டு எல்லாம் ஒன்றாகப் போய்விடும். புகைகூட வந்திருக்காது. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்தால் சுவரில் கரி இல்லை, மேசையில் எரிந்த அடையாளம் இல்லை. கருகிய சில்லுகள் மட்டுமே இருக்கும். தீ பாலிசியை மட்டும் கையில் வைத்திருப்பவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

இதற்கென்றே உள்ளது மின்னணுக் கருவிக் காப்பீடு. திடீரென, எதிர்பாராமல் நேரும் சேதம் எதுவானாலும், விலக்குப் பட்டியலில் இல்லாதவரை, இது ஏற்கும்: மின்னழுத்தக் கோளாறு, கை தவறிக் கீழே விழுதல், தண்ணீர் கொட்டுதல் எல்லாம் இதில் வரும். மூன்று பகுதிகளாக வாங்கலாம். முதல் பகுதி கருவிக்கு. இரண்டாவது, தரவு இருக்கும் வட்டுகளுக்கும் தரவை மீண்டும் ஏற்றும் செலவுக்கும். மூன்றாவது, பழுது சரியாகும்வரை வாடகைக் கருவி எடுத்து வேலை நடத்தும் கூடுதல் செலவுக்கு. ஏஜென்ட் வழக்கமாக முதல் பகுதியை மட்டுமே போட்டுத் தருவார். தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மற்ற இரண்டும் அதைவிட முக்கியம்.

இந்தப் பாலிசியில் காப்பீட்டுத் தொகை என்பது அதே திறனுள்ள புதுக் கருவியின் இன்றைய விலை. போக்குவரத்தும் நிறுவும் செலவும் சேர்த்து. வாங்கியபோது கொடுத்த விலையும் அல்ல, கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போக நிற்கும் விலையும் அல்ல. பகுதிச் சேதத்துக்கு உதிரிப்பாகங்களின் விலையைத் தேய்மானம் கழிக்காமல் தருவார்கள். கருவி முழுவதும் போய்விட்டால் வயதுக்கேற்பக் கழிப்பார்கள். தேய்மானத்தால் தானே நின்றுபோனது, உற்பத்தியாளர் உத்தரவாதத்தில் வருவது ஆகியவை இதில் இல்லை. பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு. கணினிக் கடைக்காரரே தம் கணினிகளைத் தாமே பார்த்துக்கொண்டால், அதை முன்மொழிவுப் படிவத்திலேயே எழுதி ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். யு.பி.எஸ்., எர்த்திங், இடி தாங்கி ஆகியவற்றின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துவதும் கிளைம் நாளில் உதவும்.

திருட்டு

பூட்டுக்குப் பேர்போன ஊரில் இந்த விதியைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். ‘பர்க்ளரி’ பாலிசி எல்லாத் திருட்டையும் ஏற்பதில்லை. பூட்டை உடைத்து, ஷட்டரை நெம்பி, வன்முறையால் உள்ளே புகுந்ததற்கோ வெளியேறியதற்கோ அடையாளம் இருக்க வேண்டும். யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம் தொடர்பான வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது: பாலிசி வாசகத்தில் ‘பலவந்தம்’ என்று இருந்தால், பலவந்தமில்லாத திருட்டுக்குக் கிளைம் இல்லை. மாற்றுச் சாவி போட்டுத் திறந்து மடிக்கணினிகளை எடுத்துப்போனால், வேலை நேரத்தில் வாடிக்கையாளர்போல வந்தவர் ஒன்றைத் தூக்கிப்போனால், பணியாளரே எடுத்தால், இந்தப் பாலிசி உதவாது. பலவந்தமில்லாத திருட்டையும் சேர்க்கக் கூடுதல் பிரீமியத்தில் வழி உண்டு. பணியாளர் மோசடிக்கு ‘ஃபிடிலிட்டி கியாரண்டி’ என்ற தனிப் பாலிசி உண்டு. பழுதுபார்க்க வந்த வாடிக்கையாளர் கணினிகள் கடையில் இருந்தால், ‘பிறர் பொருள், காவலில் உள்ளது’ என்று பாலிசியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கடையின் சரக்குக்கு மட்டுமே பணம் வரும். வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் கைப்பணம்தான் கொடுக்க நேரும்.

சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சல் லாரியில் சரக்கு வரவழைப்பவர்கள் வழிப்பயணக் காப்பீட்டை ஆண்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். பார்சல் அலுவலகத்தின் பொறுப்பு மிகச் சிறிய தொகைக்குள் அடங்கிவிடும். உண்மையான விலையை ரசீதில் எழுதாதவருக்கு அதுவும் நிச்சயமில்லை.

வேலை பார்ப்பவர்கள்

பத்துப் பேர் அல்லது அதற்குமேல் வேலை பார்க்கும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோர் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள். நிறுவனம் சம்பளத்தில் 3.25 சதவீதமும் பணியாளர் 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். வேலையில் ஏற்பட்ட விபத்துக்கு அவர்களுக்கு இ.எஸ்.ஐ. வழியே ஈடு கிடைக்கும். நிறுவனத்திடம் தனியாக விபத்து நஷ்டஈடு கேட்க முடியாது. இந்த வரம்புக்கு வெளியே இருப்பவர்களுக்கோ முழுப் பொறுப்பும் நிறுவனத்தின் தலையில். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய அந்தப் பொறுப்பு 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. மாதச் சம்பளம், வயது இரண்டையும் வைத்துக் கணக்கிடப்படும் அந்தத் தொகை இளம் வயதுப் பணியாளருக்குப் பல லட்சங்களைத் தொடும்.

கேமரா பொருத்தும் குழு, கேபிள் இழுக்கும் குழு, சோலார் வேலையும் சேர்த்துப் பார்க்கும் குழு ஆகியவற்றுக்குப் பணியாளர் நஷ்டஈட்டுப் பாலிசிதான் முதலில் வேண்டியது. கணினிக் காப்பீடு பிறகு. நான்கு பேர்தானே என்று விடுவது ஆபத்து. ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆள் ஏணியிலிருந்து விழுந்தாலும், வேலையை ஒப்படைத்தவரிடம் நஷ்டஈடு கேட்கச் சட்டம் இடம் தருகிறது. தெருவில் போனவர்மீது கேபிளோ கருவியோ விழுந்தால் அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு வேறு. பணியாளருக்கான பாலிசியில் வழிப்போக்கர் வர மாட்டார்.

2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவில் பற்றிய தீ உயிர்களைப் பலிகொண்டது. பலியானவர்களில் லிப்டில் சிக்கியவர்களும் இருந்தனர். ஒரே படிக்கட்டு உள்ள வணிக வளாகத்தின் மேல்தளத்தில், வாசலை ஒட்டி யு.பி.எஸ். பேட்டரிகளை அடுக்கி வைத்து இயங்கும் அலுவலகங்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். எந்தப் பாலிசியும் அந்த வாசலைத் திறந்து தராது. தீயணைப்புக் கருவி காலாவதியாகாமல் இருப்பது பாலிசியில் நிபந்தனையாகவும் இருக்கலாம்.

எழுதிக் கொடுத்த மென்பொருளால் வரும் பொறுப்பு

மென்பொருள் நிறுவனத்தை மூட வைக்கும் அளவுக்கு இழப்பு வருமானால், பெரும்பாலும் இந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். தீயில் போகும் கணினிகளின் விலைக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. வாடிக்கையாளர் கேட்கும் நஷ்டஈட்டுக்கு அப்படி இல்லை, ஒப்பந்தத்தில் எழுதினாலொழிய. நூற்பாலை ஒன்றுக்கு எழுதிக் கொடுத்த சம்பள மென்பொருள் வருங்கால வைப்பு நிதியைத் தவறாகக் கணக்கிட்டு இரண்டு ஆண்டு ஓடியிருந்தால், பாக்கி, வட்டி, தணிக்கையாளர் கட்டணம் எல்லாம் சேர்ந்து மென்பொருளின் விலையைப்போலப் பத்து மடங்கு ஆகலாம். அந்தத் தொகையை ஆலை நிர்வாகம் யாரிடம் கேட்கும் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

இதற்கானது தொழில்சார் பொறுப்புக் காப்பீடு. சந்தையில் ‘புரொஃபஷனல் இன்டெம்னிட்டி’ என்றோ ‘டெக் இ அண்ட் ஓ’ என்றோ கேட்டால் கிடைக்கும். தொழிலில் செய்த பிழை, கவனக்குறைவு, விட்டுப்போன வேலை ஆகியவற்றால் பிறருக்கு ஏற்பட்ட பண இழப்பையும், வழக்கை நடத்தும் செலவையும் இது தரும். வழக்குச் செலவு பெரும்பாலும் காப்பீட்டுத் தொகைக்குள்ளேயே கழிக்கப்படும் என்பதால், தொகையைத் தீர்மானிக்கும்போது அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இந்தப் பாலிசி தீ பாலிசியைப்போல இயங்குவதில்லை. தவறு நடந்த ஆண்டின் பாலிசி அல்ல, நஷ்டஈடு கேட்கப்பட்ட ஆண்டின் பாலிசிதான் பணம் தரும். 2023-இல் எழுதிய மென்பொருளில் உள்ள பிழை 2026-இல் வெளிப்பட்டுக் கடிதம் வந்தால், 2026-இல் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். அதோடு, பாலிசியில் எழுதப்பட்ட ‘பின்தேதி’ அந்த வேலை நடந்த நாளுக்கு முற்பட்டதாகவும் இருக்க வேண்டும். முதல் பாலிசி தொடங்கிய நாளே வழக்கமாகப் பின்தேதியாகும். இடையில் ஓர் ஆண்டு கட்டாமல் விட்டு மறு ஆண்டு புதிதாக எடுத்தால், பின்தேதி புதிதாகத் தொடங்கிப் பழைய வேலைகள் எல்லாம் காப்பின்றி நின்றுவிடும். காப்பீட்டு நிறுவனத்தை மாற்றும்போதும் பழைய பின்தேதியை அப்படியே கொண்டுவரச் சொல்லி எழுத்தில் வாங்க வேண்டும். பிரீமியம் சற்றுக் குறைகிறது என்பதற்காகப் பின்தேதியை இழப்பது பெரிய நஷ்டம்.

இது ஏற்காதவையும் பல. தாமதத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அபராதம், ‘எவ்வளவு நஷ்டமானாலும் ஈடுகட்டுகிறோம்’ என்று சட்டம் கேட்காத பொறுப்பைத் தானாக ஏற்றது, வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருவது, காப்புரிமை மீறல், பாலிசி எடுக்கும் முன்பே தெரிந்திருந்த பிரச்சினை ஆகியவை பொதுவாக வெளியே நிற்கும். எனவே ஒப்பந்தத்தையும் பாலிசியையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். மொத்தப் பொறுப்பு, ஓராண்டில் வாங்கும் கட்டணத்துக்கு மேற்படாது என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க முடிந்தால், அது பிரீமியம் இல்லாமல் கிடைக்கும் காப்பீடு. பெரிய வாடிக்கையாளர்கூடக் கேட்டால் பேச்சுக்கு வருவார். கேட்காமல் கையெழுத்திடுவதுதான் பரவலாக நடக்கிறது.

வெளிநாட்டு வேலை செய்பவர்கள் இன்னொரு வரியைத் தேட வேண்டும். ‘இந்திய எல்லை, இந்திய நீதிமன்றம்’ என்று எழுதிய பாலிசி, அமெரிக்க வாடிக்கையாளர் அங்கே தொடுக்கும் வழக்குக்கு உதவாது. ‘உலகம் முழுவதும், அமெரிக்கா, கனடா நீங்கலாக’ என்பதும் அதே கதைதான். அமெரிக்காவைச் சேர்த்தால் பிரீமியம் கணிசமாக ஏறும். வருமானத்தில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தால் அதைத் தவிர்க்க வழியில்லை.

தவறு தெரிந்ததும் நல்லெண்ணத்தில் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியாலும் பாலிசி பயனற்றுப் போகலாம். “எங்க தப்புதான்ணே, நஷ்டத்த நாங்க பாத்துக்கிறோம்” என்று மண்டி உரிமையாளருக்கு எழுதிவிட்டால், காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலின்றிப் பொறுப்பை ஏற்றதாகிவிடும்; கிளைமை மறுக்க அது போதும். “பார்த்துக்கிட்டு இருக்கோம்ணே, சரிபண்ண ஆள் அனுப்புறோம்” என்பதோடு நிறுத்தி, அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத வேண்டும். புகார் இன்னும் எழுத்தில் வராவிட்டாலும், வரக்கூடிய சூழ்நிலை தெரிந்தவுடனே தெரிவிப்பதுதான் பாதுகாப்பு.

தரவும் சைபர் பாலிசியும்

2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராமிய வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை தந்துவந்த சி-எட்ஜ் நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. தேசியக் கொடுப்பனவுக் கழகம் அந்த நிறுவனத்தைத் தன் வலையமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. அதனால் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களால் ஓரிரு நாள் யு.பி.ஐ. போன்ற சேவைகளைப் பயன்படுத்த முடியவில்லை. வங்கிகள் தாக்கப்படவில்லை, அவற்றுக்குச் சேவை தந்தவர் தாக்கப்பட்டார். பல வாடிக்கையாளர்களின் தரவை ஒரே சர்வரில் வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இதே நிலைமைதான்: ஒரு கடவுச்சொல் திருடப்பட்டால் இருபது மண்டிகளின் கணக்கும் ஒன்றாக முடங்கும்.

சைபர் பாலிசி இரண்டு பக்கமும் பார்க்கும். நிறுவனத்தின் சொந்தச் செலவுகள் என்ற பக்கத்தில் வல்லுநர் விசாரணை, தரவு மீட்பு, தொழில் நின்ற நாட்களின் வருமான இழப்பு வரும். பிறருக்குத் தர வேண்டியதில் தரவு கசிந்ததற்கான நஷ்டஈடும் வழக்குச் செலவும் வரும். தலைப்புத் தொகை ஒரு கோடி என்று இருந்தாலும், உள்ளே ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனி உள்வரம்பு இருக்கும். போலி மின்னஞ்சலை நம்பிப் பணியாளரே பணம் அனுப்பிவிடும் மோசடி தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. அந்த உள்வரம்பும் சிறியதாகவே இருக்கும். பணம் போன உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைப்பது பாலிசியைவிட விரைவாக உதவும்.

தாக்குதல் இல்லாமலே கணினிகள் நின்றுபோகும் நிகழ்வை எல்லாப் பாலிசியும் ஏற்பதில்லை. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அது யாருடைய தாக்குதலும் அல்ல. ‘பாதுகாப்பு மீறல்’ மட்டுமே எழுதப்பட்ட பாலிசிக்கு அது கிளைம் ஆகாது; ‘அமைப்புச் செயலிழப்பு’ என்ற விரிவும் வேண்டும். அரசுகள் பின்னணியில் இருக்கும் தாக்குதல்களை விலக்கும் வாசகத்தை லண்டன் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை 2023 மார்ச் முதல் கட்டாயமாக்கியது. மறுகாப்பீடு வழியே அந்த வகை வாசகம் இந்தியப் பாலிசிகளிலும் வரக்கூடும் என்பதால், போர் விலக்கு என்ற தலைப்பின்கீழ் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும்.

முன்மொழிவுப் படிவத்தில் கேட்கப்படும் கேள்விகளுக்கு உள்ளபடி விடை எழுத வேண்டும். இரண்டடுக்கு உள்நுழைவு உண்டா, காப்புப்பிரதி வேறிடத்தில் இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு ஏஜென்ட் தாமாக ‘ஆம்’ போட்டு அனுப்பிவிட்டால், கிளைம் நாளில் பொய் சொன்னவர் நிறுவனம்தான்.

சட்டத்தின் கெடுவும் உண்டு. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைச் சைபர் நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. அந்தப் பொறுப்பு முதலில் தரவின் உரிமை நிறுவனத்துக்கு, அதாவது ஆலைக்கும் மருத்துவமனைக்கும். அவர்கள் அதை ஒப்பந்தம் வழியே மென்பொருள் நிறுவனத்தின் மேல் ஏற்றுவார்கள். அபராதத்தைப் பாலிசி கட்டும் என்று நம்பியிருக்கக் கூடாது. ‘சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்ற சொற்கள் அங்கே நிற்கும்.

வாங்கும் முறை

பிரீமியம் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்கு வராமல் காப்பு தொடங்காது. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவு அப்படிச் சொல்கிறது. காசோலை திரும்பினால் பாலிசித் தாள் கையில் இருந்தும் பயனில்லை. வணிகப் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, பதிவு பெற்ற நிறுவனம் தகுதியானவற்றுக்கு உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம்.

தீ, வாகனம், திருட்டு ஆகியவற்றுக்கு ஊரிலுள்ள கிளை அலுவலகங்களே போதும். தொழில்சார் பொறுப்புக்கும் சைபருக்கும் கிளையில் முடிவெடுப்பது அரிது. கோப்பு மேலிடத்துக்குப் போகும். இந்த இரண்டுக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்ற புரோக்கரை அணுகுவது நல்லது. ஏஜென்ட் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள். புரோக்கர் சட்டப்படி வாங்குபவரின் ஆள், பல நிறுவனங்களின் விலையும் வாசகமும் கொண்டுவந்து காட்ட வேண்டியவர். விலைப்புள்ளியைப் பார்க்கும்போது பிரீமியத்துக்கு முன்பே விலக்குப் பட்டியலையும், ஒவ்வொரு கிளைமிலும் தாமே ஏற்க வேண்டிய தொகையையும் பார்க்க வேண்டும்.

பணம் குறைவாக இருக்கையில் எதை முதலில் எடுப்பது? கடைக்குச் சரக்கின் தீ, திருட்டுப் பாலிசிகள். கேமரா குழுவுக்குப் பணியாளர் நஷ்டஈடு. மென்பொருள் நிறுவனத்துக்குத் தொழில்சார் பொறுப்பு. பிறர் தரவு கையில் இருந்தால் சைபரும் உடனே. சொந்தக் கணினிகளுக்கான பாலிசி மென்பொருள் நிறுவனத்துக்கு இரண்டாம் இடம்தான். ஐந்து கணினியைச் சேமிப்பிலிருந்து வாங்கிவிடலாம். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை எல்லோரும் முடித்துவைக்க வேண்டும். அது எதற்கு என்பது கிளைம் தகராறில் தெரியும்.

கிளைமும் தகராறும்

சேதம் நேர்ந்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, வந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர்., தீக்குத் தீயணைப்புத் துறை அறிக்கை. சர்வேயர் வந்து பார்க்கும்வரை சேதமான கருவியைக் கழற்றவோ காயலான் கடைக்குப் போடவோ கூடாது. மேலும் சேதமாகாமல் தடுக்க வேண்டியதைச் செய்யலாம், படம் எடுத்துவிட்டு. கணினிகளின் வரிசை எண், வாங்கிய பில் ஆகியவற்றை அலுவலகத்துக்கு வெளியேயும் ஒரு பிரதி வைத்திருந்தவருக்கு இந்தக் கட்டம் எளிதாகக் கடக்கும்.

மறுத்தாலோ குறைத்தாலோ, அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முதலில் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். வணிகப் பாலிசிகளில் தனிநபர் உரிமை நிறுவனங்களும் குறுந்தொழில்களும் மட்டுமே இங்கே வர முடியும். முதலீடு இரண்டரைக் கோடிக்கும் ஆண்டு வரவு 10 கோடிக்கும் மேற்படாத நிறுவனம் 2025 ஏப்ரல் முதல் குறுந்தொழில். அதற்கான ஆதாரம் உத்யம் சான்றிதழ்தான்.

திண்டுக்கல்லிலேயே உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. தொழிலுக்காக எடுத்த காப்பீடு என்பதால் நுகர்வோர் ஆக முடியாது என்ற வாதத்தை, ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இழப்பை ஈடுகட்ட எடுக்கப்படும் பாலிசி லாபம் சம்பாதிக்க எடுப்பதல்ல என்பது அதன் நிலை. ஆணையத்தின் வரம்பு கட்டிய பிரீமியத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், சிறு நிறுவனங்களின் வழக்குகள் மாவட்ட அளவிலேயே நடக்கும்.

மறுப்புக் கடிதம் வந்த தேதியை உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். அந்தத் தேதியிலிருந்து குறைதீர்ப்பாளரிடம் முறையிட ஓர் ஆண்டும், நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர இரண்டு ஆண்டும் உண்டு.